முப்பது மில்லி நுரை

போன நவம்பரில் ஒரு காலை என் இடது காலில் செருப்பு நுழையவில்லை. பெருவிரல் மூட்டு தக்காளி நிறத்தில் இருந்தது. மெத்தை விரிப்பு உரசினாலே உயிர் போனது. பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் போனேன். யூரிக் ஆசிட் எட்டு புள்ளி நான்கு.

"வாரத்துல கறி எத்தனை நாளு?" என்றார்.

"புதனும் ஞாயிறும்."

"பீரு?"

"புதன் மட்டும்."

"புதன்கிழமை என்ன விசேஷம்?"

நான் வேலை செய்வது ராஜபாளையத்தில், மருத்துவமனைகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு மில்லின் பரிசோதனைக்கூடத்தில். எங்களுக்கு வார விடுமுறை புதன். அன்று மதியம் மில்லில் ஃபிட்டராக இருக்கும் நண்பர் வீட்டில் சாப்பாடு. எட்டு வருடமாக இதுதான் வழக்கம். இதை நான் விளக்கியபோது டாக்டர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். கறியைக் குறைக்கச் சொன்னார், ஈரலை அறவே விடச் சொன்னார். பீரையும் விடச் சொன்னார். நான் பேரம் பேசினேன். கடைசியில் அவர் சொன்னதை அன்று சாயந்திரம் டைரியில் அப்படியே எழுதியிருக்கிறேன்: "மாசம் ஒண்ணு. ஆறு மாசம். நடுவுல வலி வந்தாலோ, ரத்தத்துல ஏழுக்குக் கீழ வரலைன்னாலோ, அன்னைக்கோட முடிஞ்சுது. அப்புறம் என்கிட்ட கணக்குப் பேசக்கூடாது."

என் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர், சர்ச்சில் பாடகர் குழுவில் இருப்பவள். நான் குடிப்பது அவளுக்குத் தெரியும், பிடிக்காது. எங்கள் வீட்டுக்குள் பாட்டில் வந்ததில்லை.

"ஆறு பாட்டிலா?" என்றாள். "மருந்துச் சீட்டுல எழுதிக் குடுத்தாராக்கும்? காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு?"

ஆறுதான் என்று ஆனபிறகு எனக்குள் ஒரு கேள்வி வந்தது. அதற்கு முன் எட்டு வருடத்தில் வந்ததே இல்லை. கறிக்கு எந்த பீர் பொருத்தம்? கிடைப்பதைக் குடித்தே இத்தனை காலம் போய்விட்டது. இனி ஒரு பாட்டிலும் வீணாகக்கூடாது. புது நோட்டு ஒன்று வாங்கி, கோடு போட்டேன். கறியின் வகை, பீரின் வகை, ஊற்றும்போது வெப்பநிலை, பாட்டிலில் அச்சிட்ட அளவு, எனக்குக் கிடைத்த அளவு, முதல் வாய்க்குப் பின் நாக்கில் என்ன மிஞ்சியது, மதிப்பெண் பத்துக்கு எத்தனை. பரிசோதனைக்கூடத்தில் ஓரம் உடைந்து கழித்துப் போட்ட ஒரு அளவுக்குடுவையையும் ஒரு பழைய வெப்பமானியையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

டிசம்பர் முதல் புதன், மதியம் ஒரு மணிக்கு மதுக்கடையின் கம்பிவலைக்கு முன்னால் நின்றேன். எனக்குப் பின்னால் ஒரு பதினைந்து பேர்.

"கறிக்குப் பொருத்தமா எது இருக்கும்?" என்று கேட்டேன்.

வலைக்குப் பின்னால் இருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அண்ணாச்சி, இங்க ரெண்டே ரகம். கூலிங் உள்ளது, கூலிங் இல்லாதது."

"இல்ல, லைட்டா, ஸ்ட்ராங்கா..."

"இன்னைக்கு ஸ்ட்ராங்குதான் வந்திருக்கு. லைட்டு வந்தா லைட்டு."

பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "ஏலே, முன்னால என்ன சாதகப் பொருத்தமா பாக்காவ? வாங்கிட்டு நவுருங்க அண்ணாச்சி, வெயிலு மண்டையப் பிளக்கு."

ஸ்ட்ராங் ஒன்று வாங்கினேன். மில்லில் கழிவாகப் போகும் காஸ் என்கிற மெல்லிய பேண்டேஜ் துணியை நனைத்துப் பாட்டிலைச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் போவது என் பழக்கம். என் வீட்டிலிருந்து நண்பர் வீடு பதினொன்றே முக்கால் கிலோமீட்டர். காற்று பட்டு ஈரம் உலர உலர பாட்டிலின் குளிர்ச்சி சீக்கிரம் குறையாது. அன்று போய்ச் சேர்ந்தபோது ஒன்பது டிகிரி.

நண்பர் தெலுங்கு பேசும் குடும்பத்தவர். உறவு எதுவும் இல்லையென்றாலும் என்னை பாவா, அதாவது அக்கா புருஷன், என்பார். அவர் மனைவி கறி தொடாதவர். வீட்டு அடுப்பிலும் கறி ஏறாது. ஆகவே கொல்லையில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு விறகடுப்பு, ஒரு இரும்புச் சட்டி, ஒரு மண்சட்டி எல்லாம் நண்பரின் ராஜ்யம். நண்பர் கறி தின்பார். குடிக்கமாட்டார். கல்யாணமான வருடம் மலைமேல் கோவிலில் வைத்து மனைவிக்குச் சத்தியம் செய்து கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறார்.

"ராண்டி பாவா, வாங்க," என்று பாட்டிலை வாங்கிக்கொண்டார். "செத்த நேரம் உக்காருங்க. இப்ப எறக்கிருவேன்."

எப்போதும் இப்படித்தான். பாட்டிலைத் தண்ணீர் வாளியில் வைப்பதற்காக அவர் கொல்லைக்குக் கொண்டுபோவார். நான் முன்கூடத்தில் பேப்பர் படிப்பேன். இருபது நிமிடத்தில் இலை, சோறு, கறி வரும். பாட்டில் மூடி திறந்தே வரும். வந்தவனுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்திருந்தேன்.

அன்று சுக்கா. மிளகு தூக்கலாக, எண்ணெய் பிரிய வறுத்து, ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக உருண்டது. ஸ்ட்ராங் பீரில் கடைசியில் ஒரு இனிப்பு தங்கும். மிளகு போய் அந்த இனிப்பைத் தட்டியது. இனிப்பு வந்து மிளகின் எரிச்சலைத் தணித்தது. மதிப்பெண் ஒன்பது. குடுவையில் அளந்தேன். பாட்டிலில் அறுநூற்றைம்பது மில்லி என்று அச்சிட்டிருந்தது. எனக்குக் கிடைத்தது அறுநூற்று இருபது. "குறைவு: முப்பது. காரணம்: நுரை" என்று எழுதினேன்.

நண்பர் நோட்டை எட்டிப் பார்த்தார். "கறி திங்க வந்தியளா பாவா, கெமிஸ்ட்ரி பரீட்சை எழுத வந்தியளா?"

ஜனவரியில் லைட் கிடைத்தது. நண்பர் அன்று தேங்காய் அரைத்துவிட்ட குழம்பு வைத்திருந்தார். காரம் பின்வாங்கி நின்றது. மெலிந்த பீர் அதற்குமேல் தண்ணீர்போல ஓடாமல், தேங்காயின் கொழுப்பைக் கழுவிக்கொண்டு போனது. ஒன்பது. குறைவு இருபத்தைந்து மில்லி. நுரை.

பிப்ரவரியில் கடையில் கூலிங் பெட்டி வேலை செய்யவில்லை. வழியெல்லாம் காஸ் துணியை நனைத்து நனைத்துக் கொண்டுபோயும் இருபத்து நான்கு டிகிரி. அதுவும் ஸ்ட்ராங். இந்த மாதம் போயிற்று என்றே நினைத்தேன். நண்பர் கொண்டுவந்த கறியில் காரமே இல்லை என்று சொல்லலாம். சின்ன வெங்காயமும் சீரகமும் மட்டும் தெரிந்தன, மேலே எலுமிச்சை பிழிந்திருந்தார். குளிர்ச்சி இல்லாத பீர் வாயில் கனமாக இருக்கும். அந்தப் புளிப்பு அதைத் தூக்கி நிறுத்தியது. எட்டரை. குறைவு முப்பத்தைந்து. நுரை, பாட்டில் சூடாக இருந்ததால் அதிகம் என்று அடைப்புக்குறிக்குள் விளக்கம் வேறு எழுதினேன்.

அன்று சாயந்திரம் மூன்று வரிகளையும் சேர்த்துப் படித்தேன். எந்த பீரும் கறிக்குப் பொருந்தும் என்றது நோட்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. பரிசோதனைக்கூடத்தில் மூன்று வெவ்வேறு நூல்களை மெஷினில் போட்டு மூன்றும் ஒரே வலுவைக் காட்டினால் நாங்கள் நூலைப் பாராட்டமாட்டோம். மெஷினைச் சந்தேகப்படுவோம்.

சந்தேகத்தைத் தீர்க்க மார்ச்சில் வாய்ப்பு கிடைத்தது. மில்லில் ஒருவருக்கு மம்சாபுரம் பக்கம் தோட்டம் இருக்கிறது. மோட்டார் ரூம் கட்டி முடித்த சந்தோஷத்தில் பத்துப் பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். நண்பருக்கு அன்று மில்லில் அவசர ரிப்பேர், விடுமுறை கிடைக்கவில்லை. வேலைக்குப் போகுமுன் சுக்கா செய்து தூக்குவாளியில் வைத்துவிட்டார். நான் போய் எடுத்துக்கொண்டேன். பிறகு அதே கடை, டிசம்பரில் வாங்கிய அதே ஸ்ட்ராங், அதே காஸ் துணி, அதே எவர்சில்வர் டம்ளர். ஒன்பதரை டிகிரி. கறியைத் தோட்டத்து அடுப்பில் சூடுபடுத்திக்கொண்டேன்.

முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. கறியின் உப்பு ஒரு பக்கம் நின்றது. பீரின் இனிப்பு கசாயத்தில் சர்க்கரை போட்டதுபோல் இன்னொரு பக்கம் நின்றது. இரண்டும் ஒன்றையொன்று திரும்பிப் பார்க்கவில்லை. பாதிக்குமேல் குடிக்க மனம் வரவில்லை. ஆறில் ஒன்று இப்படிப் போயிற்று. மதிப்பெண் நான்கு. பாட்டிலைத் திறந்ததும் அளந்தது மட்டும் ஆறுதல்: அறுநூற்றைம்பது, சொட்டுக் குறைவில்லை. "இன்று முழு அளவு" என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறேன். அந்த வரியை இப்போது படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

வீட்டில் உட்கார்ந்து எது மாறியது என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். கடை மாறவில்லை. பீர் மாறவில்லை. சமைத்தவர் மாறவில்லை. மறுபடி சூடுபடுத்தியது மாற்றம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கறியைத் திங்கட்கிழமை சூடுபடுத்தித் தின்று வளர்ந்தவன் நான், அது ருசியைக் கூட்டுமே தவிரக் கெடுக்காது. மிச்சம் இருந்தது ஒன்றுதான். "நண்பர் பக்கத்தில் இல்லாதது?" என்று எழுதி, அளக்க முடியாத காரணம் என்பதால் அதையும் அடித்தேன்.

மனைவி பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நோட்டை வாங்கிப் பார்த்தாள்.

"ஏழெட்டு கட்டம் போட்டிருக்கிய. கறியச் செய்யுததுக்கு ஒரு கட்டங்கூட இல்லியே," என்றாள்.

"கறியின் வகை எழுதியிருக்கேன்ல?"

"சுக்கான்னு எழுதினா போதுமா? விடைய மட்டும் எழுதிட்டு ஸ்டெப்ஸ் எழுதாத பையனுக்கு நான் மார்க்கு போடமாட்டேன்."

ஏப்ரல் முதல் புதன், வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் முன்னால் போனேன். கிடைத்தது லைட். முன்கூடத்தில் உட்காராமல் நேரே கொல்லைக்குப் போய் அடுப்புக்கு எதிரில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன்.

"இங்க பொகை பாவா."

"இருக்கட்டும்."

"வேர்க்கும்."

"வேர்க்கட்டும்."

அவர் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார். கறி வெந்து அரைப்பதமாகச் சட்டியில் கிடந்தது. பக்கத்தில் சிறு சிறு கிண்ணங்கள்: இடித்த மிளகு, அரைத்த தேங்காய், வறுத்த சீரகம், கீறிய எலுமிச்சை, கிள்ளிய வத்தல். எதுவும் இன்னும் சட்டிக்குள் போகவில்லை. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பாட்டிலை எடுத்தார். ஸ்பானரின் முனையால் மூடியை நெம்பினார். தூக்குவாளி மூடியில் ஒரு வாய் அளவு ஊற்றினார். ஊற்றியதை வாயில் விட்டு, கன்னத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு வாழைமரத்தடியில் துப்பினார். திரும்பி வந்து தேங்காய்க் கிண்ணத்தை எடுத்தார்.

"நுரை," என்றேன் நான்.

"என்ன பாவா?"

"முப்பது மில்லி. நுரைன்னு எழுதி வச்சிருக்கேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறிவிட்டது. "எச்சி படல பாவா, மூடியில ஊத்தித்தான்... குடிக்கலையே, துப்பிருதேன்ல. சத்தியம் சத்தியந்தான்."

"அதுக்குக் கேக்கல. எதுக்கு?"

"எதுக்குன்னா?" கேள்வியே அவருக்கு வேடிக்கையாக இருந்தது. "எந்த பீருன்னு தெரியாம எப்படிக் கறிய எறக்க? கடைக்காரன் குடுக்கதுதான் பீரு. அத நம்மளால மாத்த ஏலுமா? சட்டி நம்ம கையில இருக்குல்லா. ஷாஃப்ட்டு தேஞ்சா ஷாஃப்ட்டையா மாத்துதோம்? தேஞ்ச அளவு பாத்து அதுக்குத் தக்கன சுத்தி மாட்டுத புஷ்ஷக் கடஞ்சு போடுதோம். அம்புட்டுத்தான்."

"எட்டு வருசமாவா?"

"மொத மொத ஒருநாளு கறி நல்லாருக்கு, பீருதான் செரியில்லன்னு சொன்னிய. அன்னையிலருந்து."

அப்படி நான் சொன்னது என் டைரியில் இல்லை.

பிறகு கேட்டுக் கேட்டு எழுதினேன். ஸ்ட்ராங் என்றால் பின்னால் இனிப்பு நிற்கும். உப்பைக் குறைத்து, மிளகைக் கூட்டி, ஈரம் போக வறுக்க வேண்டும். லைட் என்றால் தேங்காய் கொடுத்துக் காரத்தை இறக்க வேண்டும். குளிர் இல்லையா, வத்தலை மறந்துவிட்டு எலுமிச்சைக்குப் போக வேண்டும். மம்சாபுரத்துக்குக் கொடுத்துவிட்ட சுக்கா? "அன்னைக்கு பீரே இல்லியே பாவா. சும்மா எனக்குச் செய்யுத மாதிரி செஞ்சேன். நான் உப்பு தூக்கலாத் திங்கவன்." அந்தக் கிண்ணங்களின் அளவை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. எவ்வளவு மிளகு என்றால் "நாக்கு சொல்லும்" என்றார். வெறுங்காலோடு மெஷின் பக்கத்தில் நின்று தரையின் அதிர்வை வைத்தே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்கிறவர் அவர். நான் பேனாவை மூடினேன். ஐந்து மாதமாக நான் பீரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்ததாக நினைத்தேன். தேர்ந்தெடுத்தது கறி.

அன்றைய மதிப்பெண் ஒன்பதரை. மே மாதத்துக்கு ஒரு பாட்டில் பாக்கி. அதற்கு என்ன செய்வதென்று அன்றே திட்டம் போட்டோம். ஸ்ட்ராங் வந்தால் ஒரே பாட்டிலுக்கு இரண்டு சட்டியில் இரண்டு விதமாக இறக்கி, எது எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பது.

ஏப்ரல் கடைசி வாரம் விரல் மறுபடி சிவந்தது. இந்த முறை கணுக்காலும் சேர்ந்துகொண்டது. மனைவிதான் ஸ்கூட்டரை ஓட்டினாள். நான் ஒரு கால் செருப்போடு பின்னால் உட்கார்ந்திருந்தேன். எட்டு புள்ளி ஒன்பது. டாக்டர் சீட்டைத் திருப்பி என் பக்கம் வைத்து, எண்ணின் கீழே ஒரு கோடு போட்டார். கறி மாதம் இரண்டு தடவை, கையளவு. பீர் இனி இல்லை.

"ஆறாவது..." என்று ஆரம்பித்தேன்.

"அஞ்சோட முடிஞ்சுது," என்றாள் மனைவி, அவருக்கு முந்தி.

இரண்டு நாள் நான் நோட்டைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அவள் அதை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து படித்தாள். பள்ளி விடுமுறை தொடங்கியிருந்தது. 'நுரை' வரும் இடமெல்லாம் சத்தமாகச் சிரித்தாள். ஜனவரி வரியில் நின்றாள்.

"லைட்டு. லேசான புளிப்பு. வெந்த தானிய வாசனை. கடைசியில் மெல்லிய கசப்பு," என்று என் எழுத்தையே எனக்கு வாசித்துக் காட்டினாள். எழுந்து அடுக்களைக்குப் போய், முதல்நாள் சோற்றில் ஊற்றி வைத்திருந்த தண்ணீரை ஒரு டம்ளரில் வடித்துக் கொண்டுவந்தாள். "மோந்து பாருங்க."

முகர்ந்தேன். கசப்பை மட்டும் விட்டுவிட்டால் அவள் சொல்வது தவறில்லை.

"இந்தப் புளிச்ச தண்ணிக்கா இம்புட்டு நாளும் வரிசையில நின்னிய?" என்றாள். சிரித்து முடித்தபின் அவள் முகத்தில் நான் அறிந்த ஒரு பார்வை வந்தது. கணக்கு ஒன்று வராதபோது வரும் பார்வை. "உங்க கூட்டாளி இதுக்குக் கறி எறக்குனா எப்படி எறக்குவாவ?"

மே முதல் புதன் இருவரும் போனோம். பிளாஸ்க்கில் நீராகாரம், கொஞ்சம் உப்பு போட்டு, ஐஸ் கட்டியோடு. கிளம்புமுன் அளந்தேன்: எழுநூறு மில்லி. கடையைத் தாண்டும்போது கம்பிவலைக்கு முன் வரிசை நின்றது. ஸ்கூட்டர் வேகம் குறையவில்லை, ஓட்டியது அவள்.

நண்பர் வாசலில் என் காலைத்தான் முதலில் பார்த்தார். "ராண்டி பாவா. ராண்டி அக்கா," என்றார். நான் பாவா என்பதால் அவள் அக்கா. பிளாஸ்க்கை வாங்கித் திறந்து முகர்ந்தார். நாங்கள் மூவரும் கொல்லைக்குப் போனோம். ஸ்டூலை மனைவிக்குப் போட்டுவிட்டு நான் வாழைமரத்துப் பக்கம் நின்றேன்.

தூக்குவாளி மூடியில் ஊற்றினார். வாயில் உருட்டினார். கண்ணை மூடினார். ஏப்ரலில் பீருக்கு இவ்வளவு நேரம் நிற்கவில்லை. வாழைமரத்தை நோக்கி ஒரு அடி வைத்தவர் நின்று, விழுங்கினார்.

"இதத் துப்ப வேண்டியதில்லைல்லா," என்றார், எங்களுக்கா தனக்கா என்று தெரியாமல்.

மிளகுக் கிண்ணத்தை எடுத்து, மறுபடி கீழே வைத்தார். தேங்காயைத் தொடவே இல்லை. இரண்டு வத்தலை நேரே தணலில் போட்டுச் சுட்டு, கையால் நொறுக்கினார். சட்டியில் போடப் போனவர் திரும்பி என் மனைவியிடம் மூடியை நீட்டினார்.

"இன்னொரு வாய் ஊத்துங்கக்கா. சிக்க மாட்டேங்குது."

அவள் ஊற்றினாள். அதையும் விழுங்கினார். ஒரு கை சின்ன வெங்காயத்தை நறுக்கி, வதக்காமல் பச்சையாகவே மேலே தூவிச் சட்டியை இறக்கினார்.

எனக்கு நான்கு துண்டு. எண்ணி வைத்தது மனைவி. சுட்ட வத்தலின் கருகல் வாசனை, பச்சை வெங்காயத்தின் நறுக்கென்ற கடி, பின்னாலேயே குளிர்ந்த புளிப்பு. பீரில் இருந்த அந்தக் கசப்பின் இடத்தைக் கருகல் எடுத்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நெருங்கி வந்திருக்கிறார் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் நோட்டை இழுத்து, மதிப்பெண் கட்டத்தில் ஏழு என்று எழுதினாள்.

"ஏழுதானா அக்கா?"

"மொதத் தடவைல்லா. அடுத்த மாசம் பாப்போம்."

நான் பிளாஸ்க்கில் இருந்ததை டம்ளர்களில் ஊற்றும்போதே அளந்து வைத்திருந்தேன். அவளிடமிருந்து பேனாவை வாங்கி மிச்சக் கட்டங்களை நிரப்பினேன். கொண்டுவந்தது: எழுநூறு. கிடைத்தது: அறுநூற்று நாற்பது. குறைவு: அறுபது. காரணம்: இரண்டு வாய்.